கோவை டு பிராங்க்பர்ட்: தூரமும் நேரமும் உங்கள் கம்ப்யூட்டரில்

திருப்பூரில் விமானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் விமானத்தில் ஏறுகிறவர்கள் அல்ல. பாதிப் பேர் அட்டைப் பெட்டியை ஏற்றுகிறவர்கள். கப்பலைத் தவறவிட்ட ஆர்டரை வானத்தில் அனுப்பியாவது சேர்த்துவிட முடியுமா என்று கணக்குப் போடுகிறவர்கள். மீதிப் பேர் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகும் மகனையோ, சிங்கப்பூரில் இருக்கும் மகளையோ வழியனுப்பப் பீளமேட்டுக்குக் கார் எடுப்பவர்கள். இரு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

இன்டர்நெட்டில் தேடினால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். ஒரு தளம் 7,538 என்கும், இன்னொன்று 4,684 என்கும், மூன்றாவது 4,070 என்கும். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் குறித்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதைவிட, கணக்கை நாமே போட்டுவிடலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லை மளிகைக் கணக்கு எழுதும் நோட்டாக மட்டும் வைத்திருக்கிறார்கள். அதற்குள் உலக உருண்டையையே சுற்றி அளக்கும் வசதி இருக்கிறது. எக்ஸெல் இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். கூகுள் ஷீட்ஸும் போதும். கீழே சொல்லும் பார்முலாக்கள் மூன்றிலும் வேலை செய்யும்.

முதலில் முகவரி

பூமியில் ஓர் இடத்தின் முகவரி இரண்டு எண்கள். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரி என்பது அட்சரேகை. லண்டன் கிரீன்விச்சிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை டிகிரி என்பது தீர்க்கரேகை. பள்ளியில் படித்ததுதான்.

பிரவுசரில் கூகுள் மேப்ஸைத் திறந்து கோவை விமான நிலையத்தைத் தேடுங்கள். ரன்வே மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்தால் ஒரு மெனு விரியும். அதன் முதல் வரியில் இருப்பவை இந்த இரண்டு எண்கள்தான். அந்த வரியைக் கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். கோவைக்கு 11.030, 77.043 என்று வரும். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் போதும். மூன்றாவது இலக்கத்தில் ஒன்று மாறினால் ஏறக்குறைய நூறு மீட்டர்தான் வித்தியாசம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை.

இதே போல ஷார்ஜாவுக்கு 25.329, 55.517. சிங்கப்பூர் சாங்கிக்கு 1.359, 103.989. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டுக்கு 50.033, 8.570. சென்னைக்கு 12.990, 80.169.

பார்முலா போடலாம்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து ஏ2 செல்லில் கோவை, பி2-ல் 11.030, சி2-ல் 77.043 என்று டைப் செய்யுங்கள். அடுத்த வரியில் ஏ3, பி3, சி3 செல்களில் ஷார்ஜாவும் அதன் எண்களும்.

இப்போது ஒரு சின்ன விஷயம். நாம் கோணத்தை டிகிரியில் எழுதுகிறோம். கம்ப்யூட்டரின் சைன், காஸ் பங்ஷன்களுக்கு டிகிரி புரியாது, ரேடியன் என்ற அலகுதான் புரியும். 180 டிகிரி என்பது பை ரேடியன், அதாவது 3.14159. இந்த மாற்றத்துக்கென்றே ரேடியன்ஸ் என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. டி2 செல்லில் சமக்குறி போட்டு, ரேடியன்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் பி2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 0.1925 என்று வரும். டி2 செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தைப் பிடித்து வலப்பக்கம் ஒரு செல், பிறகு கீழே ஒரு வரி என்று இழுத்துவிடுங்கள். இ2, டி3, இ3 மூன்றும் தானாக நிரம்பிவிடும்.

அடுத்து மூன்று செல்கள். பங்ஷன் பெயர்களை எல்லாம் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். சைனுக்கு எஸ், ஐ, என். காஸுக்கு சி, ஓ, எஸ். ஆர்க் காஸுக்கு ஏ, சி, ஓ, எஸ்.

டி5 செல்லில் டி2-வின் சைனை டி3-யின் சைனால் பெருக்குங்கள். விடை 0.0818 என்று வரும். டி6 செல்லில் டி2-வின் காஸ், டி3-யின் காஸ், இ3-யிலிருந்து இ2-வைக் கழித்தால் வருவதன் காஸ், இந்த மூன்றையும் பெருக்குங்கள். விடை 0.8253. கடைசியாக டி7-ல், டி5-ஐயும் டி6-ஐயும் கூட்டி, அதற்கு ஆர்க் காஸ் எடுத்து, 6371-ஆல் பெருக்குங்கள். 2767 வந்தால் நீங்கள் பாஸ். கோவை, ஷார்ஜா இடையே உள்ள நேர்வழித் தூரம் 2,767 கிலோமீட்டர்.

6371 எங்கிருந்து வந்தது? பூமியின் சராசரி ஆரம், கிலோமீட்டரில். பூமி முழு உருண்டை இல்லை. பூமத்திய ரேகைப் பக்கம் ஆரம் 6,378, துருவப் பக்கம் 6,357. ஆகவே நம் விடை அரை சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். கவலைப்பட ஒன்றுமில்லை, எந்த விமானமும் இந்தக் கோட்டின் மேல் அச்சு மாறாமல் பறப்பதில்லை.

பி3, சி3 இரண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். சிங்கப்பூர் 3,163. பிராங்க்பர்ட் 7,538. சென்னை 404. பார்முலாவைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. அதுதான் ஸ்பிரெட்ஷீட்டின் அழகு.

அமெரிக்காவுக்குப் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் ஊர்களின் தீர்க்கரேகைக்கு முன்னால் மைனஸ் வேண்டும். நியூயார்க் கென்னடி விமான நிலையம் 40.640, மைனஸ் 73.779. தூரம் 13,534 கி.மீ. அந்த மைனஸை விட்டுவிட்டால் 3,308 என்று வரும். கம்ப்யூட்டர் முகத்தைச் சுளிக்காது, சிவப்பு விளக்கும் எரியாது. நீங்கள் கேட்டது கிர்கிஸ்தான் நாட்டு மலைகளுக்கு நடுவே ஓர் இடம், அது அதற்குரிய தூரத்தைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

பார்முலாவே வேண்டாம் என்பவர்கள் கூகுள் மேப்ஸில் அதே ரைட் கிளிக் மெனுவில் மெஷர் டிஸ்டன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது ஊரில் கிளிக் செய்யலாம். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற பழைய தளமும் இருக்கிறது. அதில் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளை நடுவில் ஒரு கோடு போட்டு டைப் செய்தால் போதும். கோவைக்கு சிஜேபி, பிராங்க்பர்ட்டுக்கு எப்ஆர்ஏ. ஆனாலும் ஒருமுறையாவது நீங்களே பார்முலா போட்டுப் பாருங்கள் என்பேன். தளம் சொல்லும் எண்ணை நம்பலாமா கூடாதா என்று அப்போதுதான் தெரியும்.

கோடு ஏன் வளைகிறது?

மேப்பில் கோவையையும் பிராங்க்பர்ட்டையும் இணைத்துப் பார்த்தால் கோடு நேராக இருக்காது. வடக்குப் பக்கமாக வில் போல வளைந்து நிற்கும். வளைந்த கோடு எப்படிக் குறுக்குவழி ஆகும் என்று பலர் கேட்பார்கள். வீட்டில் ஒரு பந்தை எடுங்கள். அதன் மேல் இரண்டு புள்ளி வைத்து ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக எந்த வழியில் படிகிறதோ அதுதான் மிகக் குறைந்த தூரம். உருண்டையை விரித்துத் தட்டையான தாளாக்கும்போது அந்த வழி வளைந்து தெரிகிறது. மேலே நாம் போட்ட பார்முலா அளந்தது இந்த நூலின் நீளத்தைத்தான்.

அந்தக் கோட்டை ஜூம் செய்து கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். கோவையிலிருந்து வடமேற்கே கிளம்பி, மேற்குத் தொடர்ச்சி மலை வழியாகக் கர்நாடகக் கரையில் அரபிக் கடலுக்குள் இறங்குகிறது. பாகிஸ்தானின் மக்ரான் கடற்கரையைத் தொட்டு, ஈரானின் குறுக்கே நீண்ட தூரம் போய், துருக்கியின் கிழக்கு ஓரம், கருங்கடல், கிரிமியாவுக்குச் சற்றுத் தெற்கே, உக்ரைனின் தென்மேற்கு மூலை, ருமேனியா என்று ஜெர்மனிக்குள் நுழைகிறது.

இந்த ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போதே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். 2022 பிப்ரவரி 24-ல் போர் தொடங்கியதும் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. அதே ஆண்டு ஜூனில் இஸ்ரேல், ஈரான் மோதலின்போது ஈரான் வான்வெளி பல நாட்கள் மூடிக் கிடந்தது. ஜூன் 23 அன்று கத்தாரும் சில மணி நேரம் மூடியது. தோஹா வழியாகப் போகவேண்டிய பயணிகளும் சரக்கும் அங்கங்கே நின்றுபோனது அப்போதுதான். நம் எக்ஸெல் ஷீட்டில் அந்த நாட்களிலும் 7,538 என்றுதான் இருந்திருக்கும். பூமியின் ஆரம் மாறவில்லையே!

கப்பலுக்கும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். திருப்பூர்ச் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா போய்க்கொண்டிருந்தது. 2023 டிசம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் மேல் தாக்குதல் வலுத்ததால், பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணத்தில் பத்து முதல் பதினான்கு நாள் கூடியது. துணி தைத்து முடிக்கும் நாட்களில் அவ்வளவையும் குறைத்துக்கொள்ள எந்தக் கம்பெனியால் முடியும்? அவசர ஆர்டர் வைத்திருந்தவர்கள் விமானக் கட்டணத்தை விசாரிக்க ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான்.

தூரத்திலிருந்து நேரம்

வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. விமானத்துக்கு அது பாதிதான் சரி. ஏர்பஸ் 320 போன்ற விமானங்கள் உயரத்தில் மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். தொலைதூரம் போகும் பெரிய விமானங்கள் சுமார் 900. ஆனால் ரன்வே வரை ஊர்ந்து போகவும், மேலே ஏறவும், இறங்குவதற்கு முன் வரிசையில் காத்திருக்கவும் நேரம் வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து 40 நிமிடம் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

ஷார்ஜாவுக்கு 2,767-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 20 நிமிடம். 40 நிமிடம் கூட்டினால் 4 மணி நேரம். சிங்கப்பூருக்கு 4 மணி 29 நிமிடம். சென்னைக்கு? பறப்பது 29 நிமிடம், கூட்டுவது 40 நிமிடம், மொத்தம் 1 மணி 9 நிமிடம். இந்த மூன்றையும் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்டப் பொருந்தும்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வலுவான காற்று வீசும். ஐரோப்பாவுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று. சராசரியாக மணிக்கு 50 கி.மீ. காற்று என்று வைத்துக்கொண்டால், 7,538 கிலோமீட்டரைப் போகும்போது 850-ஆலும் வரும்போது 950-ஆலும் வகுக்க வேண்டும். போக 8 மணி 52 நிமிடம், வர 7 மணி 56 நிமிடம். ஒரே தூரம், கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம்.

உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொள்ள பிளைட்ரேடார்24 என்ற தளத்துக்குப் போய் விமான எண்ணைக் கொடுங்கள். கடந்த சில நாட்களில் அந்த விமானம் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வழியில் போனது என்று காட்டும். நேர்கோட்டை எவ்வளவு தூரம் விட்டு விலகியிருக்கிறது என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

கடிகாரம் செய்யும் மாயம்

முதல்முறை டிக்கெட் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். கோவையில் காலை 4.30-க்குப் புறப்பாடு, ஷார்ஜாவில் காலை 7.00-க்கு வருகை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம்தான் இருக்கும். ஷார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

எக்ஸெல்லுக்கு நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். பகல் 12 மணி என்பது 0.5. அதனால் மணியைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டுமானால் 24-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். எப்2 செல்லில் புறப்படும் நேரம் 4:30, எப்3-ல் சேரும் நேரம் 7:00 என்று கோலன் போட்டு டைப் செய்யுங்கள். எப்4-ல் சமக்குறி போட்டு, எப்3-லிருந்து எப்2-வைக் கழித்து, 1.5-ஐ 24-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். 4:00 என்று வரும். சேரும் ஊர் நமக்குப் பின்னால் இருந்தால் கூட்டல், முன்னால் இருந்தால் கழித்தல்.

இரவு விமானத்தில் இன்னொரு சிக்கல். கோவையில் இரவு 23:00 மணிக்கு ஏறி, சிங்கப்பூரில் காலை 6:00 மணிக்கு இறங்குகிறீர்கள். ஆறிலிருந்து இருபத்து மூன்று போகாது. எக்ஸெல் செல் முழுக்க வேலி போட்டது போலக் குறிகளை நிரப்பிவிடும். மொத்தக் கணக்கையும் மாட் என்ற பங்ஷனுக்குள் போட்டு, கமா வைத்து 1 என்று கொடுத்து மூடுங்கள். எம், ஓ, டி என்று அடிக்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டியதை அது சரிசெய்துகொள்ளும். விடை 4:30.

பெட்டிக்கு நேரம் வேறு

இதுவரை சொன்னது விமானத்தின் நேரம். பனியன் பெட்டிக்கு நேரம் வேறு. என் சித்தப்பா பெருமாநல்லூர்ப் பக்கம் சின்னதாக ஓர் எக்ஸ்போர்ட் யூனிட் நடத்துகிறார். ஒரு ஜூலை மாதம், ஜெர்மனிக்குப் போகவேண்டிய குழந்தைகள் டி-சர்ட் 5,200 பீஸ். பிரிண்டிங்கில் நாள் தள்ளிப்போய்க் கப்பல் கைவிட்டுப் போயிற்று. ஹாம்பர்க் பக்கத்தில் இருக்கும் வேர்ஹவுஸில் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குச் சரக்கு நிற்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கேன்சல். கப்பலுக்கு விலை பேசிய ஆர்டரை நம் தாமதத்தால் விமானத்தில் ஏற்றினால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும் என்பது திருப்பூரில் எல்லாருக்கும் தெரியும். லாபம் போனால் போகிறது, பெயராவது நிற்கட்டும் என்ற நிலையில் இருந்தார்.

"ஏங்கண்ணு, பிளேன்ல ஒம்பது மணி நேரந்தானே? புதங்கெழம ராத்திரி வண்டி உட்டாப் போதுமல்ல?" என்று கேட்டார்.

ஒன்பது மணி நேரம் என்பது சரிதான். 7,538-ஐ 900-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டினால் 9 மணி 3 நிமிடம். ஆனால் கோவையிலிருந்து அப்படி ஒரு நேரடி விமானம் கிடையாது.

"பத்தாதுங்க சித்தப்பா. கடைசியிலிருந்து பின்னால எண்ணிப் பாக்கலாங்க" என்று சொல்லி ஷீட்டைத் திறந்தேன்.

பார்வர்டரிடம் போனில் கேட்டு ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வரியில் எழுதினோம். திருப்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு லாரி 10 மணி நேரம். கஸ்டம்ஸ், எக்ஸ்ரே சோதனை, விமானம் கிளம்பும் முன் ஒப்படைக்க வேண்டிய கெடு, எல்லாம் சேர்த்து 12. சென்னையிலிருந்து வளைகுடா நாடு 4.5. அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு 9. அங்கிருந்து பிராங்க்பர்ட் 7. இறக்கி, ஜெர்மன் கஸ்டம்ஸ் முடித்து வெளியே எடுக்க 18. அங்கிருந்து ஹாம்பர்க் பக்கம் லாரி 8. ஆட்டோசம் போட்டால் 68.5 மணி நேரம். இதில் பெட்டி வானத்தில் இருப்பது பதினொன்றரை மணி நேரம்தான். மீதி 57 மணி நேரமும் தரையில்.

அடுத்த செல்லில் வெள்ளிக்கிழமைத் தேதியையும் 8:00 மணியையும் சேர்த்து டைப் செய்தேன். ஜெர்மனி கோடையில் நமக்கு 3.5 மணி நேரம் பின்னால். அதை 24-ஆல் வகுத்துக் கூட்டியதும் நம் நேரம் வெள்ளி காலை 11.30. அதிலிருந்து 68.5-ஐ 24-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். விடை வரும் செல்லில் கன்ட்ரோல் கீயோடு 1 அழுத்தினால் பார்மட் செல்ஸ் விண்டோ திறக்கும். கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, நான்கு டி, ஓர் இடைவெளி, இரண்டு எச், ஒரு கோலன், இரண்டு எம் என்று கொடுத்தால் கிழமையோடு நேரத்தைக் காட்டும். எங்களுக்குக் காட்டியது செவ்வாய்க்கிழமை 15:00.

அப்போது திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. கையில் இருந்தது 22 மணி நேரம். அயர்னிங்கில் பாதி பீஸ் நிற்கிறது, செக்கிங் முடியவில்லை.

சித்தப்பா ஷீட்டைச் சிறிது நேரம் பார்த்தார். லாரி பத்து மணி என்பதைக் குறைக்க முடியாது, கஸ்டம்ஸைக் குறைக்க முடியாது, விமானம் நம் கையில் இல்லை. வளைகுடாவில் 9 மணி நேரக் காத்திருப்பைக் காட்டி, இதில் ஏதாவது மிச்சம் பிடிக்கலாமா என்று பார்வர்டரைக் கேட்டார். அடுத்த கனெக்‌ஷன் இரண்டு மணி நேரத்தில்தான் இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த நாள். வேண்டாம் என்று விட்டுவிட்டார். எனக்கு அந்த முடிவு சரியாகவே பட்டது.

குறைக்க முடிந்தது ஒன்றுதான், பெட்டி எண்ணிக்கை. 5,200 பீஸ் என்பது பெட்டிக்கு 40 வீதம் 130 பெட்டி. கடை திறப்புக்கு உடனே வேண்டியது எத்தனை என்று மெர்ச்சண்டைசரை விட்டுக் கேட்கச் சொன்னார். ஜெர்மனியில் அப்போது பகல் ஒன்றரை மணிதான், ஆபீசில் ஆள் இருந்தார்கள். எல்லா சைஸிலும் கலந்து 1,600 பீஸ் முதலில் வந்தால் போதும், மிச்சம் கடைகளில் தீரத் தீர நிரப்பத்தான், கப்பலில் வரட்டும் என்று பதில் வந்தது. 40 பெட்டிக்கு மட்டும் விமானக் கட்டணம். இரவு ஷிப்டில் அந்த 1,600 பீஸை மட்டும் பிரித்து அயர்ன் செய்து, செவ்வாய் மதியம் இரண்டே காலுக்கு வண்டி கிளம்பியது. வெள்ளிக்கிழமை நம் நேரம் பத்தே முக்காலுக்கு வேர்ஹவுஸில் இறக்கியாயிற்று என்று மெயில் வந்தது.

இந்த ஷீட்டை நீங்களும் செய்து வைத்துக்கொள்ளலாம். ஊர் மாறினால் இரண்டு எண், சரக்கு மாறினால் ஏழு வரி, அவ்வளவுதான் திருத்த வேண்டியது. பயணத்துக்கும் இதே முறை பொருந்தும். திருப்பூரிலிருந்து பீளமேடு 45 கிலோமீட்டர் அளவில், அவினாசி ரோடு நெரிசலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று ஒரு வரி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர ஒரு வரி. இறங்கிய பிறகு இமிக்ரேஷன் வரிசைக்கு ஒரு வரி. ஷார்ஜாவுக்கு நான்கு மணி நேரப் பயணம் என்பது வீட்டு வாசலிலிருந்து பத்து மணி நேரம் ஆகிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

ஐரோப்பாவுக்கு இந்த ஷீட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். அங்கே மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்னால் வைப்பார்கள். கோடையில் 3.5 என்று இருக்கும் செல்லைக் குளிர்காலத்தில் 4.5 என்று மாற்ற வேண்டும். எக்ஸெல் அதைத் தானாகச் செய்யாது.